சிபில் ஸ்கோர் 641, வீட்டுக்கடன் இல்லை என்கிறார்கள். 12,000 கொடுத்தால் ஏற்றித் தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா?

கெடிலக்கரை (கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் அலுமினிய ஜன்னல், கதவு, பார்ட்டிஷன் செய்யும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கூத்தப்பாக்கம் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட மனை ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் வீடு கட்ட 18 லட்சம் கடன் கேட்டு, நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே விண்ணப்பித்தேன். ஐடி ரிட்டர்ன் மூன்று வருடத்துக்கு இருக்கிறது. பத்திரம், வில்லங்கம், பிளான் அப்ரூவல் எல்லாம் சரி. மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சிபில் 641 காட்டுது, இதை வச்சு மேல அனுப்ப முடியாது, சரி பண்ணிட்டு வாங்க" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எதைச் சரி பண்ணுவது என்று கேட்டால் "ட்யூ ஒழுங்கா கட்டுங்க" என்கிறார். எனக்குத் தெரிந்து நான் எந்த ட்யூவையும் பாக்கி வைத்ததில்லை.

என் கணக்கு வழக்கு இதுதான். பைக் லோன் ஒன்று, 2021-லேயே முடிந்துவிட்டது. அதே வருஷம் ஒரு தனியார் பைனான்ஸ் கம்பெனியில் ஃபிரிட்ஜுக்கு வாங்கிய ஈஎம்ஐ கொஞ்சம் பாக்கி நின்றது. 9,400 இருந்ததை, வசூலுக்கு வந்தவரே "6,000 கட்டுங்க, கணக்கை முடிச்சிடலாம்" என்றார். கட்டிவிட்டேன், ரசீதும் இருக்கிறது. தங்கச்சி வீட்டுக்காரர் லோடு வண்டி எடுத்தபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். கிரெடிட் கார்டு ஒன்று, லிமிட் 40,000. பாண்டியில் செக்‌ஷன், கண்ணாடி எடுப்பதெல்லாம் அதில்தான். மாதம் 36, 37 ஆயிரம் ஆகும், கடைசித் தேதிக்கு முன்னாலேயே முழுசாகக் கட்டிவிடுவேன். நகைக்கடன் ஒன்று வருஷா வருஷம் திருப்பி வைக்கிறேன். வங்கி இல்லை என்றதும் கோபத்தில் போனில் வந்த லோன் விளம்பரங்களில் எல்லாம் விண்ணப்பித்துப் பார்த்தேன், எல்லாம் ரிஜெக்ட்.

இன்னொரு குழப்பம். என் போனில் உள்ள பணம் அனுப்பும் ஆப்பில் ஸ்கோர் 712 என்று காட்டுகிறது. வங்கியில் 641. எது உண்மை?

இப்போது ஒருவர் 12,000 கேட்கிறார், ஒரே மாதத்தில் 750 ஆக்கித் தருவாராம். பாதி முன்பணம். வீட்டிலோ, "ஒரு சின்ன பர்சனல் லோன் எடுத்து ஒழுங்கா கட்டினா தானா ஏறும்னு டிவியில சொன்னாங்க" என்கிறாள். எதைச் செய்வது?

பாண்டி எக்ஸ்பிரஸ்

அண்ணே, ஏஜென்ட் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படிச் செய்து ஐந்து லட்சம் லோன் கிடைத்தது. சிபில் ஆபீசில் ஆள் இருந்தால் வேலை நடக்கும் என்கிறார்கள். பாதி முன்பணம் மட்டும் கொடுக்காதீர்கள், வேலை முடிந்ததும் தருகிறேன் என்று பேசிப் பாருங்கள்.

லோன் கவுன்ட்டர் (லாஸ்பேட்டை)

கெடிலக்கரைத் தம்பிக்கு. ஒரு பொதுத்துறை வங்கியின் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, கடைசியில் புதுச்சேரி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்த 12,000-ஐ முதலில் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் உங்கள் பிரச்சினையில் ஒன்று தீரும்.

சிபில் ஆபீசில் ஆள் இருந்து என்ன பயன்? உங்கள் கடன் விவரத்தை அங்கே யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. கடன் கொடுத்தவர் அனுப்பும் தகவல் அப்படியே ஏறுகிறது, அதை வைத்துக் கணினி மதிப்பெண் போடுகிறது. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் அதில் ஓர் எழுத்தை மாற்ற சிபிலுக்கே உரிமை கிடையாது. அப்படியானால் இந்த ஏஜென்டுகள் என்னதான் செய்கிறார்கள்? உங்கள் பான், ஆதார், ஓடிபி வாங்கி உங்கள் பெயரில் சிபில் தளத்தில் நுழைவார்கள். இருக்கிற எல்லாக் கடன் மீதும் 'டிஸ்பியூட்' (இந்தப் பதிவு தவறு என்ற ஆட்சேபம்) என்று ஒரு தட்டுத் தட்டுவார்கள். அந்த வசதி எல்லோருக்கும் இலவசம், வீட்டில் உட்கார்ந்து நீங்களே செய்யலாம். உண்மையான பாக்கி என்றால் அது அப்படியே திரும்பி வரும். உங்கள் ஓடிபியை வைத்துக்கொண்டு அந்த ஆள் வேறு என்னென்ன செய்யலாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து 712-ஆ 641-ஆ. இரண்டும் உண்மை. நம் நாட்டில் கடன் வரலாற்றைச் சேர்த்து வைத்து மதிப்பெண் போட ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். சிபில் 2000-இல் வந்தது, மற்றவை பிறகு. முதலில் வந்த பெயர் என்பதால் நாம் எல்லாவற்றையும் சிபில் என்கிறோம். நான்குமே 300-க்கும் 900-க்கும் இடையில்தான் மதிப்பெண் போடுகின்றன, ஆனால் கணக்குப் போடும் முறை ஒவ்வொருவருக்கும் வேறு. உங்கள் ஆப்பில் வருவது வேறு நிறுவனத்தின் மதிப்பெண்ணாக இருக்கும், ஓரத்தில் சின்ன எழுத்தில் பெயர் போட்டிருப்பார்கள், பாருங்கள். உங்கள் வங்கி எதைப் பார்க்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 641 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புரியாது. அந்த எண்ணுக்குப் பின்னால் பல பக்கம் அறிக்கை இருக்கிறது. கவுன்ட்டரில் இருந்த காலத்தில் நான் எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். 720 வைத்திருப்பவரைத் திருப்பி அனுப்பியதும் உண்டு, 660-க்கு மேலிடத்தில் டீவியேஷன் (விதிவிலக்கு) அனுமதி வாங்கிக் கொடுத்ததும் உண்டு. நான்கு நிறுவனங்களும் ஒவ்வொரு காலண்டர் வருஷமும் ஒரு முழு அறிக்கையை மதிப்பெண்ணோடு இலவசமாகத் தர வேண்டும், 2017-லிருந்து இது நடைமுறை. நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அந்தப் பயத்திலேயே நிறையப் பேர் எடுப்பதில்லை.

அறிக்கையை எடுத்ததும் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கட்டம் இருக்கும். அதில் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, கடன் யார் பெயரில்: தனி, கூட்டு, ஜாமீன்தாரர் என்று போட்டிருக்கும். இரண்டு, நிலை: முடிந்ததா, செட்டில் ஆனதா, ரைட் ஆஃப் (வராது என்று தள்ளியது) ஆனதா, பாக்கி எவ்வளவு. மூன்று, அடியில் மாதம் போட்டு வரிசையாகச் சின்னச் சின்ன எண்கள், 36 மாதம் வரை. 000 என்றால் அந்த மாதம் சுத்தம். 031 என்றால் 31 நாள் தாமதம். 90-ஐத் தாண்டினால் வங்கிக் கணக்கில் அது வாராக்கடன். சில இடத்தில் எஸ்டிடி என்று இருக்கும், அதுவும் நல்லதுதான். மூன்று எக்ஸ் போட்டிருந்தால் அந்த மாதம் தகவல் வரவில்லை, பயப்பட வேண்டாம். இந்த எண் வரிசையைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி மேனேஜர் ஆன மாதிரி.

நீங்கள் எழுதியதை வைத்தே மூன்று இடம் எனக்கு உறுத்துகிறது.

ஃபிரிட்ஜ் கடனில் வசூல்காரர் "முடிச்சிடலாம்" என்றார் பாருங்கள், அவர் கணக்கு முடிந்தது, உங்கள் கணக்கு முடியவில்லை. 9,400-க்கு 6,000 வாங்கினால் கம்பெனி அதை 'செட்டில்டு' என்றுதான் அனுப்பும். 'க்ளோஸ்டு' வேறு, 'செட்டில்டு' வேறு. முழுதாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்று அதற்கு அர்த்தம். ஏழு வருஷத்தில் தானாக அழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது. இது உண்மையான பதிவு என்பதால் டிஸ்பியூட் போட்டும் பயனில்லை. ஒரே வழி, கம்பெனியிடம் போய் மிச்சம் 3,400-ஐக் கட்டுகிறேன், க்ளோஸ்டு என்று மாற்றி அனுப்புங்கள் என்று கேட்பது. தாமதக் கட்டணம் சேர்த்துக் கேட்பார்கள், பேசுங்கள். ஆனால் பணம் கட்டும் முன் "இவ்வளவு தொகை வந்ததும் கணக்கை க்ளோஸ்டு என்று நான்கு நிறுவனங்களுக்கும் தெரிவிப்போம்" என்று கம்பெனி மெயிலிலோ லெட்டர்ஹெட்டிலோ வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆளின் சொந்த நம்பருக்கும் ஜிபே செய்யாதீர்கள்.

கார்டு. "முழுசாகக் கட்டுகிறேனே" என்று உங்களுக்கு நியாயமான கோபம் இருக்கும். நீங்கள் கட்டுவது பில் வந்த பிறகு. வங்கி பெரும்பாலும் பில்லில் உள்ள தொகையைத்தான் அறிக்கைக்கு அனுப்புகிறது. 40,000 லிமிட்டில் 37,000 பாக்கி என்றால் 92 சதவீதம். மாதா மாதம் அப்படிக் காட்டினால், கார்டை நம்பியே காலம் தள்ளுகிறவர் என்று கணினி எடுத்துக்கொள்கிறது. 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள் என்பார்கள். அது ரிசர்வ் வங்கி விதி ஒன்றும் இல்லை, வழக்கத்தில் உள்ள அளவு. நீங்கள் செலவைக் குறைக்க வேண்டியதில்லை. பில் போடும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பாகவே ஒரு 28,000-ஐக் கட்டிவிடுங்கள். பில்லில் 9,000 நிற்கும், 22 சதவீதம் சொச்சம். மிச்சத்தைக் கடைசித் தேதிக்குள் கட்டுங்கள். பணம் அதே பணம்தான், கட்டும் தேதி மட்டும் மாறுகிறது. இருக்கிற வழிகளில் இதுதான் சீக்கிரம் பலன் தருவது. வங்கிகள் 2025 ஜனவரியிலிருந்து மாதம் இருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால் முன்பு போல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ஜாமீன். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவு: கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும். நம் ஊரில் "சும்மா ஒரு கையெழுத்து" என்று சொல்லித்தான் வாங்குவார்கள். அந்த லோடு வண்டிக் கடன் உங்கள் அறிக்கையிலும் ஒரு கட்டமாக இருக்கும். மாப்பிள்ளை தாமதித்த ஒவ்வொரு மாதமும் அங்கே ஓர் எண்ணாக நிற்கும். முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

வீட்டில் சொல்லும் பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். உங்களுக்குக் கடன் வரலாறு இல்லாமல் இல்லை, இருக்கிற வரலாறுதான் கறை. புது லோன் அந்தக் கறையைத் துடைக்காது, வட்டியும் இன்னொரு விசாரணைப் பதிவும்தான் மிச்சம். கோபத்தில் ஆப் ஆப்பாக விண்ணப்பித்தீர்களே, ஒவ்வொன்றும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'என்கொயரி' என்று ஏறியிருக்கும். மேனேஜர் அதைப் பார்த்தால் "இந்த ஆள் எல்லா வாசலிலும் போய் நிற்கிறார்" என்றுதான் நினைப்பார். கொஞ்ச மாதம் எதற்கும் விண்ணப்பிக்காமல் இருங்கள்.

அறிக்கையை எடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள். பான் நம்பர், கணக்கு எண் எதையும் இங்கே போடாதீர்கள்.

பண்ருட்டி முந்திரி

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கும், அதையும் வரி வரியாகப் பாருங்கள். எனக்கு வந்தது வேறு வம்பு. விருத்தாசலம் பக்கம் என் பெயரிலேயே இன்னொருவர், அவர் அப்பா பெயரும் என் அப்பா பெயரும் ஒன்று. நம் ஊர்ப் பெயர்களின் லட்சணம் அப்படி. சர்நேம் என்று நமக்கு எதுவும் கிடையாது, ஃபார்மில் அந்த இடத்தில் ஒருவர் இனிஷியல் போடுவார், ஒருவர் அப்பா பெயரை விரித்து எழுதுவார், பானில் ஒன்று ஆதாரில் ஒன்று. அவருடைய டிராக்டர் கடன் என் அறிக்கையில் வந்து உட்கார்ந்திருந்தது, அதுவும் பாக்கியோடு. முந்திரித் தொழிலுக்கு ஓடி (ஓவர்டிராஃப்ட்) லிமிட் கேட்கப் போன இடத்தில்தான் தெரிந்தது. டிராக்டர் எங்கே நிற்கிறது என்று மேனேஜர் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

செய்தது என்னவென்றால், தளத்தில் அந்தக் கடனை மட்டும் குறிப்பிட்டு "இது என்னுடையது இல்லை" என்று டிஸ்பியூட் போட்டேன். கூடவே, கடன் கொடுத்த இடத்துக்குப் பான் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, மறு நகலில் சீல் வாங்கினேன். அந்த சீல் முக்கியம். அவர்கள் ஹெட் ஆபீஸ், ரீஜனல் ஆபீஸ் என்று இழுத்தார்கள். புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும், 2024 ஏப்ரல் 26-லிருந்து ரிசர்வ் வங்கி போட்ட விதி. கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் பதில் அனுப்பாவிட்டால் அவர் தர வேண்டும், அவர் நேரத்தில் அனுப்பியும் சிபில் மாதிரி நிறுவனம் தாமதித்தால் அது தர வேண்டும். நான் வங்கிக் கணக்கு விவரத்தையும் புகாரிலேயே கொடுத்திருந்தேன், தாமதத்துக்கு உரிய பணம் வந்தது. டிராக்டரும் போய்விட்டது.

பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து இந்த நான்கு நிறுவனங்களும் அதன் கீழ் வருகின்றன. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். சந்தேகம் கேட்க 14448, தமிழிலும் பேசுகிறார்கள்.

வில்லியனூர் ஷிஃப்ட்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். புதுச்சேரி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை, இதுவரை கடனே வாங்கியதில்லை. எனக்கு மைனஸ் 1 என்று காட்டுகிறது. கடன் வாங்காதவனுக்கு மைனஸா? பைக் லோன் கிடைக்குமா?

லோன் கவுன்ட்டர் (லாஸ்பேட்டை)

வில்லியனூர் தம்பி, மைனஸ் 1 என்றால் கெட்ட மதிப்பெண் இல்லை, போட ஒன்றும் இல்லை என்று அர்த்தம். வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் தடவை கடன் கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியிலேயே சொல்லியிருக்கிறது. சம்பளம் வரும் வங்கியில் கேளுங்கள், சம்பள ஸ்லிப் போதும். அவசரம் இல்லை என்றால், ஒரு 20,000-ஐ டெபாசிட் போட்டு அதன் மேல் ஒரு கார்டு வாங்கி, பெட்ரோலுக்கு மட்டும் தேய்த்து முழுசாகக் கட்டி வாருங்கள். சம்பளமும் சேமிப்பும் இந்த மதிப்பெண்ணில் சேராது. கோடி ரூபாய் டெபாசிட் வைத்திருப்பவருக்கும் மைனஸ் 1 வரும்.

கெடிலக்கரை (கடலூர்)

மேடம், எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன மூன்றும் அப்படியே இருக்கிறது, நான்காவதாக ஒரு பூதம் வேறு.

ஃபிரிட்ஜ் கடன்: செட்டில்டு. கார்டு: 36,850 பாக்கி என்று நிற்கிறது. லோடு வண்டி: ஜாமீன்தாரர் என்று போட்டு, எண் வரிசையில் 000 வந்துகொண்டே இருந்து திடீரென்று 031, 062, அப்புறம் மறுபடி 000, போன மாதம் 029. தங்கச்சியிடம் கேட்டேன். மாப்பிள்ளைக்கு மழை மாதங்களில் சவாரி இல்லையாம், எனக்குச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். என்கொயரிப் பக்கம் முழுக்க என் கோபம்தான் வரிசையாக இருக்கிறது.

பூதம் என்னவென்றால், முடிந்துவிட்டது என்று நான் நினைத்த பைக் லோன் இன்னும் 'ஆக்டிவ்' என்று இருக்கிறது. பாக்கி 590 ரூபாய். அதற்கு அடியில் இருக்கும் எண்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, எல்லாம் மூன்று இலக்கம், மாதா மாதம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசி ட்யூ வரை கட்டியதற்கு பாஸ்புக்கில் ஆதாரம் இருக்கிறது. 590 எங்கிருந்து வந்தது?

லோன் கவுன்ட்டர் (லாஸ்பேட்டை)

590 என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது செக் பவுன்ஸ் கட்டணம். 500 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90. என்றைக்கோ ட்யூ தேதியில் கணக்கில் பணம் கொஞ்சம் குறைந்திருக்கும், மறுநாள் நீங்களே கட்டியிருப்பீர்கள், ட்யூ வரவாகிவிட்டது. கட்டணம் மட்டும் தனியாக நின்றுவிட்டது. ட்யூ எல்லாம் முடிந்தும் அந்த 590-க்காகக் கணக்கை மூடவில்லை. யாரும் போன் செய்து கேட்கவும் இல்லை, 590-க்கு யார் ஆள் அனுப்புவார்கள்? ஆனால் கணினிக்கு 590-ம் பாக்கி, ஐந்து லட்சமும் பாக்கி. இத்தனை வருஷமாகக் கட்டாதவர் என்று நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. மேனேஜர் "ட்யூ ஒழுங்கா கட்டுங்க" என்றது இதைப் பார்த்துத்தான் இருக்கும். கொஞ்சம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், பைக் ஆர்சி புத்தகத்தில் அந்தக் கம்பெனி பெயர் இன்னும் இருக்கிறதா? என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, ஃபார்ம் 35 கொடுத்து அடமானத்தை நீக்கினீர்களா? நீக்கியிருக்க மாட்டீர்கள். என்ஓசி கேட்டுப் போயிருந்தால் அன்றைக்கே 590 தெரிந்திருக்கும்.

இனி வரிசை. எனக்கு இருக்கிற அனுபவத்தில் இப்படித்தான் செய்வேன்.

முதலில் பைக். கிளைக்கு நேரில் போங்கள், கணக்கு அறிக்கை கேளுங்கள். பவுன்ஸ் நியாயமானதா என்று வாதாட உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் வீடு கட்டக் காத்திருக்கிறவர் 590-க்கு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். கட்டிவிட்டு, மேலே ஏறிய அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அவர்கள் கணக்கை எந்தத் தேதியில் முடிந்ததாகக் காட்டுகிறார்கள் என்பது முக்கியம். கடைசி ட்யூ 2021-இல் வந்துவிட்டது, கட்டணம் பற்றி உங்களுக்கு அறிவிக்கவே இல்லை என்பதால் இடைப்பட்ட தாமத எண்களைத் திருத்தி அனுப்ப வேண்டும் என்று கடிதத்தில் கேளுங்கள். செய்தே தீருவார்கள் என்று சொல்ல மாட்டேன், கேட்டவர்களுக்குச் செய்து பார்த்திருக்கிறேன். நோ ட்யூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று), என்ஓசி இரண்டையும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு எழாதீர்கள்.

இரண்டாவது, மாப்பிள்ளை. இதுதான் உயிரோடு இருக்கிற கடன், மற்றதெல்லாம் பழசு. நீங்கள் ஜாமீனிலிருந்து விலக வேண்டும் என்றால் கம்பெனி சம்மதித்து வேறு ஜாமீன்தாரர் வர வேண்டும், லேசில் நடக்காது. சண்டை போடாதீர்கள். ட்யூ தேதியை அவருக்குப் பணம் புழங்கும் தேதிக்கு மாற்றித் தரக் கேட்கலாம், சில கம்பெனிகள் செய்யும். மழை மாதங்களுக்கு முன்பாக இரண்டு ட்யூ அளவுக்குப் பணம் அந்தக் கணக்கில் கிடக்கட்டும். "மாசம் பிடிக்குமான்னு சந்தேகமா இருந்தா முதல் ஆளா எனக்குச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கூச்சத்தில் அவர் மறைத்தது 062 ஆகி உங்கள் தலையில் நிற்கிறது.

ஃபிரிட்ஜுக்கு முன்பே சொல்லிவிட்டேன். கார்டு இந்த மாதப் பில்லிலிருந்தே.

நகைக்கடன் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. அதுவும் அறிக்கையில் வரும். திருப்பி வைக்கும் தேதியைப் பத்து நாள் தள்ளிப்போட்டால் பத்து நாள் தாமதம் என்றே பதிவாகும். நகை வங்கியில்தானே இருக்கிறது என்ற சமாதானம் அங்கே செல்லாது.

கெடிலக்கரை (கடலூர்)

ஆர்சியில் பெயர் இருக்கிறது மேடம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பைக் கம்பெனிக்குப் போய்விட்டேன். 590-க்கு மேல் அபராதம் என்று ஒரு தொகை சொன்னார்கள், கடிதம் கொடுத்ததும் அதை விட்டுவிட்டார்கள். நோ ட்யூஸ் கையில் வந்துவிட்டது. தாமத எண்களைத் திருத்துவது பற்றி "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள், மறு நகலில் சீல் வாங்கி வைத்திருக்கிறேன். ஏஜென்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன், 8,000-க்கு இறங்கி வந்தார்.

இரண்டு கேள்வி மட்டும். கார்டால்தான் இவ்வளவு தொல்லை என்று வீட்டில் அதை மூடச் சொல்கிறாள், மூடிவிடலாமா? மறுபடி வங்கிக்கு எப்போது போகலாம்?

லோன் கவுன்ட்டர் (லாஸ்பேட்டை)

கார்டை மூடாதீர்கள். உங்களிடம் ஒழுங்காகக் கட்டிய பழைய கணக்கு என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கிறது. மூடினால் அந்த 40,000 லிமிட்டும் போய்விடும். தேதி மாற்றிக் கட்டுங்கள், ஆறு மாதம் கழித்து வங்கியே லிமிட்டைக் கூட்டித் தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு, அதே அளவுக்கே செலவழியுங்கள். வீட்டில் இந்தப் பதிலையே காட்டுங்கள். என்றைக்காவது மூட வேண்டி வந்தால், பாக்கி இல்லாத கார்டை நீங்கள் கேட்ட ஏழு வேலை நாளுக்குள் மூடித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இது தெரிந்திருந்தால் போதும்.

வங்கிக்கு உடனே ஓடாதீர்கள். பைக்கும் ஃபிரிட்ஜும் 'க்ளோஸ்டு' என்று அறிக்கையில் தெரிய வேண்டும், கார்டில் இரண்டு மூன்று பில் குறைவாக வந்திருக்க வேண்டும், வண்டிக் கடனில் 000 தொடர்ச்சியாக நிற்க வேண்டும். சிபிலின் இலவச அறிக்கையை இந்த வருஷத்துக்கு எடுத்தாயிற்று, நடுவில் மற்ற மூன்று நிறுவனங்களின் இலவச அறிக்கையில் சரிபார்த்துக்கொள்ளலாம். சிபிலே வேண்டும் என்றால் காசு கொடுத்து எடுக்கலாம்.

ஸ்கோர் 750 ஆகும் வரை காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. குறைந்தபட்சம் இவ்வளவு என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணும் வைக்கவில்லை, ஒவ்வொரு வங்கியும் தானாக வைத்துக்கொள்வது. ஆனால் பல வங்கிகளில் வட்டி விகிதமே ஸ்கோரைப் பொறுத்து மாறும். 18 லட்சத்துக்குக் கால் சதவீதம் என்றாலும் இருபது வருஷத்தில் சின்னத் தொகை இல்லை, அதனால் இரண்டு மாதம் பொறுப்பது நஷ்டமில்லை. போகும்போது ஃபைலில் மேலே அறிக்கை, அதற்கு அடியில் இரண்டு நோ ட்யூஸ், வண்டிக் கடன் யாருடையது, ஏன் தாமதமானது என்று அரைப் பக்கக் கடிதம். கேட்கும் முன்னாலேயே நீட்டுங்கள். டீவியேஷன் எழுதும் ஆபீசருக்குக் காகிதம் வேண்டும்.

இன்னொன்று. கடனில் வீட்டுக்காரம்மாவையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குவார்கள், அப்போது அவர் அறிக்கையையும் எடுப்பார்கள். அவர் பெயரில் குழு லோன் ஏதாவது இருக்கிறதா?

கெடிலக்கரை (கடலூர்)

இருக்கிறது மேடம். இரண்டு குழு. ஒன்றில் அவள்தான் லீடர்.

லோன் கவுன்ட்டர் (லாஸ்பேட்டை)

அப்படியென்றால் அவருடைய அறிக்கையை கிரிஃப் ஹைமார்க்கிலும் சிபிலிலும் இரண்டிலும் எடுங்கள், குழுக் கடன் விவரம் ஹைமார்க்கில் நன்றாகத் தெரியும். லீடர் என்பதற்காக மட்டும் மற்றவர் பாக்கி இவர் கணக்கில் ஏறாது, ஆனால் இவர் பெயரில் எத்தனை கடன் ஓடுகிறது, முடிந்தது எல்லாம் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்ததும் இங்கேயே எழுதுங்கள்.